முன்னால காத்து இருந்தா

லாரி வழியில் கொதித்து நின்ற நாள் என்றால், என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் செருப்பு காலைவிட்டு நழுவி விழும். அந்த நாட்களில் சுவரில் போய் மோதும். நான் எதுவும் கேட்க மாட்டேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். பாதிச் சோறு உள்ளே போன பிறகு அவராகவே, "மறுபடியும் கொதிச்சிருச்சு" என்பார். அந்த 'மறுபடியும்' என்கிற சொல்லை அந்த நாலு மாசத்தில் நான் கேட்டதுபோல என் ஆயுசில் வேறு எப்போதும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள் அல்லவா, அதில் வந்த லாரி அது. தா.பழூர்ப் பக்கத்திலிருந்து நெல்லும் கடலையும் ஏற்றிக்கொண்டு அரியலூர் ரயிலடிக்கு வரும். திரும்பும்போது உப்பும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகும். லாரி அரியலூரில் நிற்க வேண்டும் என்பதற்காக நாங்களும் அரியலூரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்குக் குடி வந்தோம்.

அந்த வீடு எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். தா.பழூர்ப் பக்கம் என் மாமியார் வீட்டில் அடுப்பு ஒன்று, மருமகள்கள் மூன்று பேர். ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகப் போடுவதற்கும் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும். அரியலூரில் எனக்கென்று ஒரு அடுப்பு. செம்மண்ணும் உமியும் நானே குழைத்து, நானே போட்டு, நானே சாணி மெழுகிய அடுப்பு. அதில் என்ன வேகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அது போதும். நான் பவுனுக்கும் பட்டுக்கும் ஆசைப்பட்டவள் இல்லை.

ஆனால் என் மாமனாருக்கு லாரி என்றாலே ஆகாது. ஐப்பசியில் ஒருநாள் லாரி அவர் வாசலுக்கு வரும்போதே புகைந்துகொண்டு வந்தது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "நம்ம மாடு என்னைக்காச்சும் கொதிச்சு நின்னு பாத்துருக்கியாடா?" என்று மகனைக் கேட்டார்.

"அதுக்குன்னு மாட்டு மேல அத்தன மூட்டையை ஏத்த முடியுமாப்பா?" என்றார் இவர்.

"ஏத்த வேணாம். ஏத்துனா போய்ச் சேருமில்ல? தை அறுப்பு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடலன்னா வித்துப்புட்டு ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்து சேருங்க. ஏரு சும்மா கெடக்குது."

ஏரும் சும்மா கிடக்கிறது, மாமியாரின் அடுப்படியும் சும்மா கிடக்கிறது என்றுதான் எனக்குக் கேட்டது. லாரி கொதித்தால் என் அடுப்பு போயிற்று. அவ்வளவுதான் கணக்கு.

நாங்கள் வேதக்காரர்கள். லாரி வந்த புதிதில் என் மாமியார் அதை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி, முன் கம்பியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதா படத்தைக் கட்டிவிட்டார். "லாரி முன்னால போவக்கூடாது. மாதா முன்னால போவணும், லாரி அவ பின்னால வரணும்" என்பது அவர் தீர்மானம். நல்ல தீர்மானம்தான். உள்ளங்கை அகலப் படத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

ஐப்பசியில் வந்த முதல் கோளாறு சின்னக் கோளாறு. பெரம்பலூரில் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். யுத்தத்தில் பட்டாளத்து லாரிகளுக்கே வேலை பார்த்தவர். அவரிடம் ஓட்டிக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர். இஞ்சினுக்கு முன்னால் சுற்றுகிற காத்தாடியின் பெல்ட் தளர்ந்திருந்தது. பாய் அதை இழுத்து முடுக்கிவிட்டு அனுப்பினார்.

லாரி ஏன் கொதிக்கிறது என்பதை நான் என் பாஷையில் சொல்கிறேன். இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கம் இருக்கிற பெட்டிக்கு வருகிறது. ரேடியேட்டர் என்று அதற்குப் பெயர், எங்கள் வீட்டில் தண்ணிப் பெட்டி என்போம். சுடுகஞ்சியை அகலமான வட்டிலில் ஊற்றி விசிறினால் ஆறுகிறதல்லவா, அதுபோல அந்தப் பெட்டியில் காற்றுப் பட்டுத் தண்ணீர் ஆறி மறுபடி இஞ்சினுக்குப் போகிறது. ஓட்டத்தில் எதிரே வருகிற காற்று பாதி, காத்தாடி இழுக்கிற காற்று பாதி. இதில் எது குறைந்தாலும் உலை கொதிக்கும். இத்தனைதான் விஷயம். இது தெரிந்துகொள்ள எனக்கு மார்கழி மாதம் ஆயிற்று.

பாய் பெல்ட்டை முடுக்கி அனுப்பிய அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பாய் என்னய்யா சொன்னாரு?" என்று மாமியார் கேட்டார். இவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, பாய் கிளம்பும்போது சொன்னதை அப்படியே சொன்னார்.

"முன்னால காத்து இருந்தா கொதிக்காதுன்னாரு."

என் மாமியார் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா! வேற வேதக்காரரு. அவரு வாயாலயே வருது பாரு. மாதா முன்னால காத்து இருந்தா கொதிக்காதாம்! நாமதான் அவளை இத்துனூண்டு படத்துல அடக்கி வச்சிருக்கோம். பட்டாளத்து லாரிக்கு அது எப்படிப் பத்தும்?"

காற்றையும் எங்கள் பக்கம் காத்து என்றுதான் சொல்கிறோம், காவல் காத்து நிற்பதையும் காத்து என்றுதான் சொல்கிறோம். இவருக்குப் பாய் எந்தக் காத்தைச் சொன்னார் என்று தெரியும். தாயாரிடம் திருத்திச் சொல்லியிருக்கலாம். மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மாதம் திரும்புவதற்குள் வரதராசன்பேட்டை ஆசாரி செய்த பலகை வந்து இறங்கியது. தேக்குப் பலகை. அதன்மேல் ஆளின் பாதி உயரத்துக்கு மாதா படம், படத்துக்குக் கண்ணாடி, சுற்றிலும் தகர வளைவு, வளைவு முழுக்க ஜிகினாத் தாளில் பூ. அடியில் அடைக்கல மாதா என்று சிவப்பு மையில் எழுத்து. இரண்டு பேர் தூக்கி, முன் கம்பிகளோடு சேர்த்து முறுக்குக் கம்பியால் கட்டினார்கள். கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் லாரிக்கு முகமே இல்லை. மாதா மட்டும்தான் இருந்தாள். வழி நெடுக ஜனங்கள் கும்பிட்டார்கள். மாதா லாரி என்று பெயரே வந்துவிட்டது.

மாதா லாரி அந்த வாரமே மேட்டு ரோட்டில் கொதித்து நின்றது.

"மறுபடியும்."

இவர் தண்ணிப் பெட்டியின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து, கொதிநீர் பீறிட்டு, முழங்கை வரைக்கும் வெந்துபோய் வந்தார். நான் வாழைப்பட்டைச் சாறு பிழிந்து போட்டேன். மறுநாள் அந்தக் கையோடேயே பெரம்பலூருக்குப் போனார். அரியலூர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வெந்நீர் போடுகிற பானையின் அடியில் வெள்ளையாகப் படிந்து ஓடு கட்டுமே, அதுபோலப் பெட்டியின் குழல்களுக்குள் கட்டியிருந்தது என்றார் பாய். சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி வடித்தார். லாரியில் பாரத்தை ஏற்றி ஆலத்தூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்தார். கொதிக்கவில்லை. இவர் சந்தோஷமாகக் கிளம்பினார். மருதையாறு வருவதற்குள் புஸ்ஸென்று ஆவி.

அடுத்த தடவை தண்ணீர் போகிற ரப்பர் குழாய் உள்ளே பிய்ந்து தொங்குகிறது என்று மாற்றினார். அதற்கடுத்த தடவை, சூடு ஏறினால் தானாகத் திறக்கிற ஒரு மூடி உள்ளே இருக்கிறதாம், அது திறக்கவில்லையோ என்று கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், திறந்தது. தண்ணீரில் குமிழி வருகிறதா, எண்ணெய் மோர்போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பாய் கையில் லாரி பெட்டிப் பாம்பாக அடங்கி ஓடும். எங்கள் கைக்கு வந்ததும் சீறும். "அந்த ஆளு என்னமோ மறைக்கிறாரு" என்று இவர் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதும் ஒரு வகையில் உண்மைதான் என்று பின்னால் தெரிந்தது.

என் மாமியாரோ லாரி ஒவ்வொரு தடவை கொதித்தபோதும் மாதாவுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டே வந்தார். முதலில் பலகையின் இரண்டு பக்கத்துக்கும் நீல வெல்வெட்டுத் திரை. அப்புறம் கீழே தொங்கும்படி ஜரிகைக் குஞ்சம். அப்புறம் கம்பிகளில் மிச்சம் இருந்த சந்துக்கெல்லாம் காகித மாலை. கொதிக்கக் கொதிக்க மூடுவது, மூட மூடக் கொதிப்பது. இதற்கு ஒரு முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் எல்லாம் செய்து அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. இவ ஏறுற அன்னைக்குத்தான் கொதிக்குது."

"நான் ஏறாத அன்னைக்கும் கொதிச்சுதே அத்தை?"

"ஏறலன்னா என்ன? வாசல்ல நின்னு பாத்திருப்பல்ல?"

"கட்டுன புருசன் வண்டிய வாசல்ல நின்னு பாக்காம கொல்லையில நின்னா பாப்பாங்க?"

"பாத்தியாடா, வாய! இந்த வாய்க்குத்தான் கொதிக்குது."

இவர் அண்ணாந்து ஓட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். நான் சும்மா பழியை வாங்கிக் கட்டிக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை. அடுத்த தடவை லாரி பெரம்பலூருக்குப் போகும்போது, "நானும் வரேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பொம்பளை ஒர்க்ஷாப்புக்கு வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். "ஒங்க ஆளு என்ன மறைக்கிறாருன்னு பாக்கப்போறேன்" என்றேன்.

கொட்டகை ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பாய் லாரியைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் வந்ததும் நின்றார். பலகையில் கை வைக்கவில்லை.

"தம்பி, ஒங்க கையால எடுத்துப் பத்திரமா வண்டிக்குள்ள வைங்க. நான் தொட மாட்டேன்" என்றார்.

இவர் கம்பியைப் பிரித்து, பலகையை இறக்கி, முத்தம் வைத்து, உள்ளே சீட்டில் சாய்த்து வைத்தார். பாய் பெட்டியைத் துடைத்தார், தண்ணீர் பார்த்தார், பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு பாரத்துக்குக் கல் ஏற்றி, லாரியை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். நான் எழுந்துபோய்ப் பெட்டியருகே கையை நீட்டினேன். சூடு இருந்தது. ஆனால் சோறு வடித்த பானையின் சூடு, கொதிக்கிற உலையின் சூடு இல்லை.

"நல்லா இருக்கு, கொண்டுபோங்க" என்றார் பாய்.

இவர் பலகையைத் தூக்கி வந்து முன்னால் வைத்துக் கம்பியை முறுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன். பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், பாக்காத மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சிய அங்க திருப்பிக்கிட்டீங்க?"

"நான்தான் மொதல் தடவையே சொல்லிட்டேனேம்மா. முன்னால காத்து இருந்தா கொதிக்காதுன்னு."

"அதனாலதான எங்க அத்தை இவ்வளவு பெரிய மாதாவைச் செஞ்சு வச்சாங்க? காத்து இருக்கட்டும்னுதான?"

பாய் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து உஃப் என்று ஊதிக் காட்டினார். "நான் சொன்னது இந்தக் காத்தும்மா!"

பலகையின் அடியில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அ, டை, க், க, ல. எங்கள் பேச்சில் அடைக்கல என்றால் அடைக்கவில்லை என்று அர்த்தம். 'அடைச்சுக்கிட்டு நிக்கிறியே தாயே' என்று மனசுக்குள் வந்துவிட்டது. உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன பாய் கேடு? எத்தனை தடவை கழட்டுனீங்க, மாட்டுனீங்க!"

"எப்படிம்மா சொல்றது? ஒங்க மாதாவக் கழட்டிப் போடுங்கன்னு நான் சொன்னா, நாளைக்கு இந்த ரோட்டுல என்ன பேச்சு கெளம்பும்? மரியம்மா பேரு எங்க வேதத்துலயும் மரியாதையான பேரும்மா. எடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தம்பி தானாப் புரிஞ்சுக்குவாருன்னு இருந்தேன்."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் கம்பியை முறுக்குவதை நிறுத்தியிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் தெரிஞ்சுபோச்சு. அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"அதுக்கு, பாய் மறைக்கிறாருன்னு சொன்னீங்களே!"

"ஏதாச்சும் சொல்லணுமில்ல?"

இதைக் கேட்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். ரிப்பேர் பார்க்கிறவருக்குத் தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தவள் நான், பழி சுமந்தவளும் நான். வழியில் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வீடு நெருங்கும்போது கட்டிக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார். வழியெல்லாம் கும்பிட்டு நிற்கிற ஜனங்கள், மாதா எங்கே என்று கேட்பார்களாம், அது அன்று சாயந்திரமே தா.பழூருக்குப் போய்விடுமாம். அது நிஜம்தான். எங்கள் பக்கம் பேச்சுக்குப் பெட்ரோல் தேவையில்லை.

பலகை முன்னாலேயே இருந்தது. மருதையாறு வருவதற்குள் கொதித்தது. நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

மார்கழி கழிந்தது. மாமனார் ஜெயங்கொண்டத்தில் லாரி வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. சனிக்கிழமை காலையில் என் மாமியார் அரியலூருக்கு வந்து இறங்கினார், சாமான் கட்டுவதற்கு. என் பானைகளை அவரே வைக்கோல் சுற்றி அடுக்கினார். அம்மியைப் புரட்டினார். அடுப்பைப் பார்த்து, "இத யாரு போட்டது? வாய் பெருசா இருக்கே, வெறகைத் திங்குமே" என்றார். மண்ணடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் அதன் சாம்பலை அள்ளிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பேன், அவர் எதிரில் நான் அழ மாட்டேன்.

லாரியில் தா.பழூர்க் கடைகளுக்கு ஏற்றிய உப்பு மூட்டை, அதன்மேல் என் பானைகள். முன்னால் இவர், நடுவில் நான், ஓரத்தில் மாமியார். எங்களுக்கெல்லாம் முன்னால் மாதா. பாதி வழி தாண்டி ஒரு மேடு ஏறும்போது வழக்கம்போல லாரியின் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது, ஆவி வந்தது, வண்டி நின்றது.

"இவ ஏறிட்டால்ல" என்றார் மாமியார், என்னைப் பார்த்து. இறங்கி முன்னால் போனார். போனவர் அலறினார்.

"டேய்! மாதா அழுவுறாடா!"

ஓடிப் பார்த்தோம். பொய் இல்லை. கண்ணாடிக்கு உட்புறம் மாதாவின் கண்ணுக்கு நேரே இரண்டு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கன்னத்தில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. மாமியார் ரோட்டுப் புழுதியிலேயே விழுந்துவிட்டார்.

"என்ன கொறை வச்சேன் தாயே? வெல்வெட்டுப் போட்டேனே, குஞ்சம் போட்டேனே!"

வயலில் வேலையாக இருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள். பார்த்தவர்கள் பார்த்த இடத்தில் முழங்கால் போட்டார்கள். ஒருத்தி செபமாலையை ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், எல்லாம் தெரிந்த மனிதர்! கூட்டத்தில் ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமியாரைக் கேட்டாள்.

"வண்டியில யாரு இருந்தா? மருமவளா?"

"மருமவதான்."

"அதான்" என்றாள் கிழவி.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. லாரி கொதித்தது பெரிதா, நான் கொதித்தது பெரிதா என்று அன்றைக்கு யாராவது அளந்து பார்த்திருக்க வேண்டும். விறுவிறுவென்று மாதாவிடம் போனேன். கண்ணாடியின் ஓரம் வழியாக ஆவி உள்ளே போவது கண்ணுக்கே தெரிந்தது. சோற்றுப்பானை மூடியில் வேர்க்காதா என்ன? சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இத்தனை பேர் முழங்காலில் இருக்கும்போது, இது அழுகை இல்லை வேர்வை என்று சொன்னால் என்னை உயிரோடு விட மாட்டார்கள். அப்படிச் சொல்லவும் எனக்கு மனசில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் அழுவதுபோலத்தான் இருந்தது. நான் பலகையின் பின்பக்கத்தில் கையை விட்டேன். சுரீர் என்றது.

"அத்தை, எந்திரிங்க. கைய இங்க குடுங்க."

அவர் கையைப் பிடித்துப் பலகையின் முதுகில் வைத்தேன்.

"ஐயோ! வேவுதேடி!"

"அதான் அழுவுறா. கொதிக்கிற ஒலைக்கு முதுகைக் குடுத்துகிட்டு எம்புட்டு நாளா நிக்கிறா பாருங்க. ஒங்களை நம்ம அடுப்புல முதுகைச் சாத்திகிட்டு அரியலூர்லேர்ந்து தா.பழூர் வரைக்கும் நிக்கச் சொன்னா நிப்பீங்களா?"

செபமாலை நின்றுவிட்டது. என் மாமியார் கையை எடுக்கவில்லை. சுட்டுக்கொண்டே நின்றார். ஆயுசு முழுக்க அடுப்படியில் வெந்தவர். சூடு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதாவின் முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏண்டா கொலைகாரப் பாவி! பெத்த தாய இப்படித்தான் ஒலையில சாத்தி வைப்பியா? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நீதானம்மா முன்னால..."

"வாய மூடு! நான் முன்னால வைக்கச் சொன்னேன், வேவ வைக்கச் சொன்னேனா? அவுத்து எடுடா மொதல்ல!"

"எங்கம்மா வைக்கிறது?"

"தேர்ல எங்கடா நிக்கிறா? ஒசரத்துலதான நிக்கிறா? மேல ஏத்து!"

வயல்காரப் பெண்கள் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். மாதா லாரியின் தலைக்கு மேல் ஏறினாள். என் பானைகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மாதாவைக் கட்டினார்கள். அதில் ஒரு பானை உடைந்தது. நான் ஓட்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். வெல்வெட்டையும் குஞ்சத்தையும் மாலைகளையும் மாமியார் தன் கையாலேயே பிய்த்து மேலே கொடுத்தார். அங்கே வெயில் அடிக்குமே என்று கவலைப்பட்டுத் திரையைக் குடையாகக் கட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் லாரிக்குத் திரும்ப முகம் வந்தது.

பெட்டி ஆறும்வரை காத்திருந்து, இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார் இவர். சூட்டு இரும்பில் ஒரேயடியாக ஊற்றினால் வெடித்துவிடும். கிளம்பினோம். அந்த மேடு ஏறியது. அடுத்த மேடும் ஏறியது. நான் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு இழை ஆவி இல்லை. மாமியார் சுட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"கொதிக்கலையா?"

"கொதிக்காது. அந்த ஜெயங்கொண்டத்து ஆளை வர வேணாம்னு சொல்லிருங்க" என்றார் மாமியார்.

"ஏன்?"

"மாதா எடம் மாறிட்டா. அவ இருக்கவேண்டிய எடத்துக்குப் போயிட்டா."

"அப்ப மேல இருக்குற சாமான்?"

மாமியார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இருக்கட்டும். எறக்க வேணாம். அவ வூட்டுக்கே திரும்பப் போவட்டும்."

அந்தத் தையில் லாரி எங்கள் நெல்லையும் சுமந்தது, ஊரார் நெல்லையும் சுமந்தது. கொதிக்கவில்லை. மீன்சுருட்டி வரைக்கும் என் மாமியார் போகிற இடமெல்லாம், "இஞ்சினுக்குள்ள என்னென்னமோ மாத்துனானுங்க. நான் மாதாவ மேல ஏத்துனேன், அன்னைக்கே அடங்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல வழியில்லை. நடந்தது அதுதான். பாயிடம் சொன்னபோது அவரும், "சரியாத்தான சொல்றாங்க" என்றார். எல்லோரும் சரி, எல்லோரும் நல்லவர்கள். நான்தான் அந்த நாலு மாசமும் வெந்துகொண்டிருந்தேன்.

என் அடுப்பு என்னிடமே தங்கியது. ஆனால் மாதா உயரத்துக்குப் போய்விட்டதால் பூ மாற்றுவது மகனுக்குச் சரியாக வராது என்று, சனிக்கிழமைதோறும் மாமியார் அரியலூருக்கு வர ஆரம்பித்தார். லாரி வரும்வரை என் அடுப்படியில் பலகையைப் போட்டுக்கொண்டு, அடுப்பின் வாய்க்கு நேர் எதிரே அமர்ந்துகொள்வார். வெளிக்கதவு வழியாக வருகிற காற்று முழுக்க அவர் முதுகில் படும்.

"ஏண்டி இந்த அடுப்பு இப்படிப் பொகையுது?" என்று கேட்பார்.

நான் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவேன்.